துணியில்லாத கை

ஞாயிறு தவறாமல் ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்து, பழைய கைகாட்டிகளில் துரு சுரண்டி, எண்ணெய் போட்டு, வர்ணம் பூசுகிற கூட்டம் அது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். திட்டுகிறவர் கிரீஸ். ஓய்வுபெற்ற ஃபிட்டர், எந்தச் சட்டை போட்டாலும் கிரீஸ் அப்பிக்கொள்வதால் அந்தப் பேர். அந்தக் கூட்டத்தில் ஒரு தையற்காரியும் உண்டு; அவள் சேர்ந்தது கைகாட்டி மேல் இருந்த ஆசையால் இல்லை. எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்த சிக்னல் கேபினில்தான் அவள் அப்பா வேலை பார்த்தார். நின்றுகொண்டிருந்த ரயில் மேல் இன்னொரு ரயிலை வரவிட்டவர் என்று ஊரே காறித்துப்பிய அப்பா.

"நான்தான் லிவரை இழுத்தேன்" என்று விசாரணையில் ஒரே பேச்சு. கைகாட்டியை இறக்கி ரயிலுக்கு வழிவிடுகிற லிவர். சிறைக்குப் போனார், வந்தார், அதைப் பற்றி வாயே திறக்காமல் செத்தும் போனார். இப்போது கேபின் வாசலில் மாட்டப்போகிற பலகையிலும் 'கேபின்காரரின் கவனக்குறைவால்' என்று எழுத அருங்காட்சியகத்தார் துடித்தார்கள். அதை எடுக்க வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்த மகராசி முட்டி வலியோடு படியேறி வந்துகொண்டிருந்தாள்.

கேபினில் ஒரு சட்டம் உண்டு. லிவரின் கைப்பிடி வெறும் இரும்பு. வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். அதனால் துணி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கிரீஸ் இந்த விஷயத்தில் ராட்சசன்.

அப்படிப்பட்டவர், அவள் பளபளவென்று தேய்த்துவிட்டுப் போன, விபத்தன்று இழுபட்ட அந்தச் சிவப்பு லிவரில் அடுத்த ஞாயிறு துருப்பிடித்த கைத்தடத்தைப் பார்த்தால் சும்மா இருப்பாரா?

"யாரும்மா வெறுங்கையால தொட்டது?"

"நான் எதுக்குண்ணே தொடப்போறேன். சாவி உங்க இடுப்புலதானே இருக்கு."

தேய்த்து அழித்தாள். மறு ஞாயிறும் தடம். பூட்டை மாற்றினார்கள். அப்புறமும் அதே லிவர், அதே இடம். கிரீஸ் திட்டுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அப்பாதான் வந்திருக்கிறார் என்று நம்பினாள். தடத்துக்குப் பக்கத்தில் போய், "நீங்க இழுக்கலதானே, சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினாள்.

"அது உங்கப்பாவா இருக்காதும்மா" என்றார் பின்னால் நின்ற கிரீஸ். "கேபின்காரன் செத்தாலும் துணியில்லாம தொடமாட்டான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சின்னக் கை. நடுவிரல் மட்டும் நுனியில்லாமல் பாதியில் நின்றது.

அந்த விரலை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி நுனி போன அம்மாவின் விரல். அவளுக்குத் தலை பின்னிவிட்ட விரல். போன வருஷம் அம்மா செத்தபோது உடம்புச் சூடு அடங்குகிறவரை அவள் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கையைத்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு சாகும்வரை கதவுத் தாழ்ப்பாளைக்கூட அம்மா துணி சுற்றித்தான் திறந்தாள். சுத்தப் பைத்தியம் என்று வீடே கேலி செய்தது. அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருப்பாள். அவர் கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கீழே இறங்கியிருப்பார். ரயில் வருகிறதென்று மணி அடித்திருக்கும். தினமும் பார்க்கிற வேலைதானே, நாமே இழுத்துவிடலாம் என்று... அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை. கிரீஸிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, "பலகைக்காரன் கேக்குறான். என்ன எழுதச் சொல்லட்டும்?" என்றார்.

அப்பா பேரைக் காப்பாற்ற வந்தவள். காப்பாற்றினால் அம்மா பேர் போய்விடும். அப்பா சிறையில் கிடந்து கட்டிக்காத்ததை மகளே போட்டு உடைப்பதா?

"அப்பா சொன்னதே இருக்கட்டும்ணே" என்றாள். பிறகு துணியை எடுத்து, தடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். "போதும்மா, நீ போ" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பலகை மாட்டியாகிவிட்டது. கதவைத் திறந்தால், வரிசையாக நின்ற அத்தனை லிவரிலும் அந்தக் கை.

தையற்காரி படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கிரீஸ் பக்கத்தில் வந்து நின்றார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பலகையக் கழட்டுங்கண்ணே. உண்மையச் சொல்லாம எங்கம்மா போகமாட்டா."