நாற்பது விழுக்காட்டுப் பள்ளிக்கூடம்

மாநிலக் கல்வித்துறையின் மதிப்பீட்டு அறிக்கை வந்த அன்றைக்கு ரிவர்பெண்ட் மாற்றுப் பள்ளியில் ஒப்பாரி வைக்காததுதான் குறை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இருபத்தைந்து பேர், படிப்பை முடித்தவர்கள் பத்துப் பேர். நாற்பது விழுக்காடு! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில், என்றைக்கோ மூடிப்போன பௌலிங் விளையாட்டுக் கூடத்தில், வழக்கமான பள்ளியில் ஒட்டாத பிள்ளைகளுக்காக நடக்கிற பள்ளிக்கூடம் அது. மூடுவதற்கு வேறு காரணம் வேண்டுமா? வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பதாகப் பள்ளி வாரியம் அறிவித்துவிட்டது.

வெர்னா ஓல்சாக்குக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியின் எழுத்தர் அவள். எந்தப் பிள்ளை என்ன இனம், எது ஏழை, வீட்டில் என்ன மொழி என்று கட்டம் கட்டமாக நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவதே அவள் பிழைப்பு. ஒரு இனத்தில் பத்துப் பேருக்குக் குறைவென்றால் எண்ணைப் போடமாட்டார்கள். நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். யார் எவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். இந்தப் பள்ளியில் ஓடாவா பூர்வகுடிப் பிள்ளைகள் மூன்றே பேர். சின்ன ஊரில் அவர்களைத் தெரியாதவன் எவன் இருக்கிறான்?

மூவரில் ஒருத்தி டெலானா கெஷிக். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவள். "என்னைய ஸ்டார் ஆக்கிட்டாங்க பாத்தீங்களா மிஸ்?" என்று அறிக்கையைக் காட்டிச் சிரித்தாள். அவள் படிப்பை முடிக்க இன்னும் நாலே மாசம். பள்ளியை மூடினால், நாள் விட்டு நாள் வருகிறாள் என்று அவளைத் துரத்திவிட்ட, ஊரிலுள்ள அதே பெரிய பள்ளிக்குத்தான் திரும்பிப் போகணும். "அங்க போறதுக்குப் படிக்காமலே இருந்துடலாம்" என்றாள், சிரிப்பு நின்றுபோய்.

அந்தப் பெரிய பள்ளியின் சாமர்த்தியம் வெர்னாவுக்குத் தெரியாததா? அக்டோபரில் தலை எண்ணும் நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு இருக்கிற தலைகளுக்குத்தான் அரசு காசு தரும். அதனால் அன்றைக்கு மட்டும் பீட்சா வாங்கிப் போட்டு, வராத பிள்ளையைக் காரில் போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். வசந்தம் பிறந்ததும், தேறமாட்டான் என்று தெரிந்தவனைக் கூப்பிட்டு, "உனக்கு ஏத்த இடம் ரிவர்பெண்ட்தான் தம்பி" என்று மாற்றல் காகிதத்தைக் கையில் திணிப்பார்கள். கடைசியாக எங்கே பெயர் இருந்ததோ அந்தப் பள்ளியின் தலையில்தான் தோல்வி விடியும். இருபத்தைந்தில் பதிமூன்று பேர் அப்படித் தள்ளிவிடப்பட்டவர்கள். ரிவர்பெண்டின் சொந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். அதை எவன் பார்த்தான்? பெரிய பள்ளியின் கால்பந்து மைதான வேலியில் '96 விழுக்காடு' என்று ஒரு பேனர் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்தது. ரிவர்பெண்டையும் பெரிய பள்ளியையும் சேர்த்து நிர்வகிக்கிற வாரியத்தார் ஐந்து பேர், நடுவில் கல்வி அதிகாரி கார்ல்டன் ப்ரூயர். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். டெலானா வேலைச் சட்டையோடு வந்து நின்றாள். எட்டு மாசம் எந்தப் பள்ளியும் தன்னைத் தேடாததையும், ரிவர்பெண்ட் ஆசிரியர் தேடிவந்து கதவைத் தட்டியதையும் சொன்னாள். கூடப் படிக்கிறவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, எப்படிப்பட்டவர்கள் என்றும் சொன்னாள். ஒரு வாரியத்தார் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

"ரொம்ப அருமையா பேசினம்மா" என்றார் ப்ரூயர். "அடுத்தது?"

வெர்னா எழுந்தாள். பேச எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. ஆத்திரம்தான் பேசவைத்தது.

"ஒரே ஒரு கேள்வி சார். எங்களை மூடினா இந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க?"

"வேற எங்க? நம்ம பெரிய பள்ளிக்குத்தான். கதவு திறந்தே இருக்கு."

"அப்ப அவங்க கணக்கும் உங்களோடதான் வரும். உங்க நூறு பேர்ல தொண்ணூத்தாறு. எங்க இருபத்தஞ்சுல பத்து. கூட்டிப் பாருங்க. எம்பத்தஞ்சுக்கு வந்துடுவீங்க."

கைபேசி பார்த்தவர் தலை நிமிர்ந்தார். "பக்கத்து ஊர் கிரேடன்காரங்க எவ்வளவு எடுத்திருக்காங்க?"

"தொண்ணூத்தொண்ணு" என்றாள் வெர்னா, ஒரு கணம்கூட யோசிக்காமல்.

அவ்வளவுதான்! கிரேடனிடம் கால்பந்தில் தோற்றாலே ஒரு வாரம் தலைகுனிந்து நடக்கிற ஊர் அது. ஐந்து பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். ப்ரூயர் கனைத்துக்கொண்டு, "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு இடம் இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. அவங்க அங்கயே இருக்கட்டும்" என்றார். ஐந்து கைகளும் மேலே போயின. பள்ளி பிழைத்தது.

வாகன நிறுத்தத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. வெர்னாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் டெலானாவைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம்டி! மே மாசம் நீ படிப்பை முடிச்சுடுவ!"

"ஆமா மிஸ். தேங்க்ஸ்" என்றாள் டெலானா. கட்டிக்கொள்ளவில்லை.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நாங்க எப்படிப்பட்டவங்கன்னு நான் மூணு நிமிஷம் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல." காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்தாள். "நாங்க சேந்தா எவ்வளவு கேவலம்னு நீங்க அரை நிமிஷத்துல சொன்னீங்க. உடனே கையத் தூக்கிட்டாங்க."

வெர்னா மறுபக்கக் கண்ணாடியில் இருந்த பனியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

டெலானா காரில் ஏறி உட்கார்ந்தாள். "தப்புன்னு சொல்லல மிஸ். நீங்க சொன்னதாலதான் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள். "ஆனா இந்த ஊர்ல எங்களுக்கு என்ன மதிப்புன்னு இன்னைக்குத்தான் சரியா தெரிஞ்சுது."