லேசர் பேனாவின் முனை

தையல்காரியின் வலது கட்டைவிரல் மடக்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். இடது கையால் பிடித்து இழுத்தால்தான் டக்கென்று நிமிரும். கத்தரிக்கோல் பிடித்து இரண்டு மாதமாகிறது. வியாழக்கிழமை வந்து ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள் மருத்துவமனையில்.

“கத்தி எதுக்கு அண்ணி? என் முட்டிவலியே லேசர்ல பறந்துபோச்சு” என்று நாத்தனார்தான் இங்கே இழுத்துவந்தாள். இன்று ஆறாவது தடவை. இன்றும் விரல் நிமிராவிட்டால் கத்திதான்.

லேசர் அக்குபங்சர் நிபுணருக்கு வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் பதினொன்று. இல்லாதது ஒரு துண்டுப் பஞ்சு. முன்னால் படுத்திருந்தவரின் கால்விரல் இடுக்கில், தோல் வெளுத்து ஊறிக்கிடந்த இடத்தில், பேனா போன்ற கருவியை அழுத்திவிட்டு, அதே முனையை இவள் காதுக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரலுக்கான புள்ளி காதில்தான் இருக்கிறதாம்.

“துடைச்சிட்டு வைங்க சார்.”

“ஒளிக்கு ஏதும்மா அழுக்கு?” என்றாலும் கோட்டில் ஒரு தேய் தேய்த்தார். கோட்டில் ஏற்கெனவே பலர் இருந்தார்கள்.

அவள் பேனாவை வாங்கிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். முனைக் குழியில் பழுப்பாக, மெழுகுபோல ஏதோ அப்பியிருந்தது. அதில் ஒரு முடியும் நட்டுக்கொண்டு நின்றது.

“என்ன சார் இது?”

நிபுணர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். “அது லென்ஸு.”

மார்பில் குத்தியிருந்த குண்டூசியை இடது கையால் எடுத்து, மெஷினின் எண்ணெய்த் துளையைக் குடைகிறமாதிரி குடைந்தாள். வந்தது லென்ஸ் இல்லை. ஊரார் காதுக் குறும்பி, பழைய வாடையோடு, உருண்டையாக. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அடைப்பு போனதும் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. முனை எப்போதும் யார் தோலிலாவது புதைந்தே இருந்ததால், வெளிச்சம் வராததை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.

“அப்போ இத்தனை நாளா வெளிச்சமே வெளிய வரலையா?”

“வடிகட்டின சிகிச்சைம்மா. மென்மையா வேலை செய்யும்.”

“என் முட்டி?” என்றாள் நாத்தனார்.

“உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே.”

“ஆமா” என்று எழுந்தாள். எழும்போது நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே முழு ஒளி. உட்காருங்க.” முனையை ஃபூவென்று ஊதி நீட்டினார். எச்சில் தையல்காரியின் கன்னத்தில் தெறித்தது.

வெளியே குழாயடியில் காது சிவக்கச் சிவக்கக் கழுவினாள். விரல் மடங்கியே கிடந்தது. இடது கையால் மருத்துவமனைக்கு போன் போட்டாள்.

“வியாழக்கிழமை வர்றேங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கத்தியைக் கொதிக்க வெச்சுத்தானே எடுப்பீங்க?”