மாத்திரை வேண்டாம், நீ போதும்

அந்தப் படத்தின் கதையைச் சொன்னால் உங்களுக்கும் குமட்டும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு மனநோய். பையனுக்கும் மனநோய். மருத்துவமனை வராந்தாவில் பார்த்துக்கொள்கிறார்கள், காதலிக்கிறார்கள், சுவரேறிக் குதித்து ஓடிப்போகிறார்கள். மனநோய் என்றால் என்னவாம்? மழையில் கையை விரித்துச் சுற்றுவது. பட்டாம்பூச்சியோடு பேசுவது. சுவரெல்லாம் கலர் கலராகக் கண் வரைவது. அந்தப் பெண்ணுக்கு நோய் முற்ற முற்ற முகம் பளபளவென்று ஆகிக்கொண்டே போகிறது. தலைமுடியைப் பார்த்தால் ஷாம்பு விளம்பரமெல்லாம் தோற்றது போங்கள்.

நான் டப்பிங் பேசுகிறவள். எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது, என் குரலுக்கு இன்னும் பதினேழு தாண்டவில்லை. கதாநாயகிகள் வாயசைப்பார்கள். பேசுவது, அழுவது, மூச்சு வாங்குவது எல்லாம் இருட்டறையில் மைக் முன்னால் நிற்கிற நான்.

என் வீட்டிலும் ஒரு பதினேழு இருக்கிறது. என் மகள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். அவளுக்கும் மனநோய்தான், ஆனால் பட்டாம்பூச்சி எதுவும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. குழாய்த் தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று குளிப்பதை நிறுத்தினாள். தலை சிக்குப் பிடித்துப் பேன் புழுத்து, கடைசியில் ஒட்ட வெட்டவேண்டியதாயிற்று. நான் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்திலேயே துப்பினாள். மனநல ஆஸ்பத்திரி வார்டில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். அங்கே என்ன பட்டாளோ, வார்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

மாத்திரைதான் அவளை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்தது. அதை விழுங்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் டம்ளரோடு போய் நிற்பேன். தொண்டையில் தேனைத் தடவிக்கொண்டு, "என் ராஜாத்தில்ல... ஒண்ணே ஒண்ணு... அம்மாவுக்காக" என்று கெஞ்சுவேன். உள்ளே எரிச்சலும் பயமும் கொதிக்கும். குரலில் ஒரு சொட்டு தெரியாது. அதுதானே என் பிழைப்பு.

அப்படிப்பட்டவள் இந்தப் படத்துக்கு ஏன் பேசப் போனாய் என்று கேட்பீர்கள். கதை சொல்லிவிட்டா எங்களைக் கூப்பிடுகிறார்கள்? துண்டு துண்டாகத் திரையில் போடுவார்கள், போகப் போகத்தான் வண்டவாளம் தெரியும். அந்தத் துண்டு வந்தபோது முக்கால் படம் பேசியாகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியே மாத்திரை அட்டையை வீசி எறிகிறாள் கதாநாயகி. முடி பறக்கிறது. பையன் தோளில் சாய்ந்து சொல்கிறாள்: "எனக்கு மாத்திரை வேண்டாம். நீ போதும்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். "இதை நான் பேசமாட்டேன் தம்பி."

இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தாடியும் கழுத்தில் ஒரு மரமணி மாலையுமாக, என் அக்கா மகன் வயசுதான் இருக்கும். "ஏன்க்கா? படத்தோட உயிரே இந்த வசனம்தான்."

"மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்னு பார்த்திருக்கீங்களா?"

"ஐயோ அக்கா, இது சினிமா. மாத்திரைங்கறது வெறும் மாத்திரையா? இந்த சமூகம்க்கா."

சமூகமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைக் கடித்துத் துப்பியிருப்பேன். அவர் விடவில்லை. "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி ஒருதடவை பேசுங்கக்கா. சும்மா பார்க்கலாம்."

சரி, எனக்குத் தோன்றியபடி பேசினேன். பழிப்புக் காட்டினேன். கேட்கிறவனுக்கு வாந்தி வரட்டும் என்று தேனும் பாகும் குழைத்து, கொஞ்சி, இழுத்து, கடைசியில் ஒரு பெருமூச்சையும் ஒட்டவைத்தேன். முடித்துவிட்டுச் சிரிக்க வாயைத் திறந்தால், இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

"இதுதான்க்கா! இதுதான் வேணும்!"

"அதெல்லாம் ஆகாது தம்பி. வேற வசனம் எழுதிக் கொண்டாங்க, வந்து பேசித் தர்றேன்" என்றேன். தலையை ஆட்டினார். ஆடியது தலை மட்டும்தான்.

டிரெய்லர் வந்தது. பஸ், ஜன்னல், பறக்கிற முடி, நடுவில் நான் பழித்துக் காட்டிய அதே தேன் குரல். ஊரே அதைக் கேட்டு உருகியது. பெண் பிள்ளைகள் அதற்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். என் மகளும் பார்த்துவிட்டாள்.

"இது நீதானேம்மா?"

"ஆமா. வயித்துக்குப் பேசுறது. அதையெல்லாம் காதுல போட்டுக்காதே."

சரி என்றாள். அந்த வாரமே ஒல்லியோடு ஓடிப்போனாள். ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தப் பையன் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் அவளுக்குப் பழக்கமானவன், அவனும் அதே டாக்டரிடம்தான் மாத்திரை வாங்குகிறான். சாது. யாராவது நேராகப் பார்த்தாலே தரையைப் பார்ப்பான்.

வேறு ஊர் பஸ் நிலையத்திலிருந்து போலீஸ் கூப்பிட்டார்கள். நானும் ஒல்லியின் அம்மாவும் போனோம். படத்தில் இந்த இடத்தில் வயலின் வரும். அங்கே கழிப்பறை நாற்றம்தான் வந்தது. ஒல்லி பெஞ்சுக்கு அடியில் தன்னை மடக்கித் திணித்துக்கொண்டு, மூத்திரத்திலேயே கிடந்தான். தன் கையைத் தானே கடித்து வைத்திருந்தான். என் மகள் அவனுக்கு முன்னால் கையை விரித்து உட்கார்ந்து, கிட்டே வந்தவர்கள் மேலெல்லாம் காறித் துப்பிக்கொண்டிருந்தாள். பாதத்தில் கண்ணாடி குத்திச் சீழ் பிடித்திருந்தது. சுற்றிலும் கும்பல், கும்பலில் பாதிப் பேர் கையில் செல்போன். தூ! இரண்டு பேர் மாத்திரையும் பஸ் ஜன்னல் வழியாகப் போயிருந்தது, டிரெய்லரில் காட்டியபடியே. ஒல்லியைக் கட்டிப்போட்டுத்தான் ஊசி போட்டார்கள். வருகிற வழியெல்லாம் அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாத்திரை தொடங்கியாகணும்மா. இன்னைக்கும் விழுங்கலேன்னா நாளைக்குக் காலையில வார்டுல சேர்த்துடலாம். வேற வழியில்ல."

காலையில் கெஞ்சினேன், மதியம் கெஞ்சினேன். ராஜாத்தி என்றேன், தங்கம் என்றேன். வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் கதவு தட்டினார்கள். இயக்குநர்! கையில் பூங்கொத்து, பின்னால் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன்.

"கேள்விப்பட்டு ஆடிப்போயிட்டேன்க்கா. நம்ம படம் பிள்ளைங்க மனசுல எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாருங்க! ரெண்டு பேரையும் உட்காரவெச்சு ஒரு சின்ன பேட்டி. முகத்தை மறைச்சிடலாம். ரிலீஸுக்கு முன்னாடி வந்தா நல்லா இருக்கும்."

பூங்கொத்தை வாங்கி அவர் முகத்திலேயே அறைந்தேன். "நீயெல்லாம் மனுஷ ஜென்மமாய்யா? நல்லா இருக்குமா? அங்க வார்டுல ஒருத்தனைக் கட்டில்ல கட்டிப் போட்டிருக்காங்க, உனக்கு ரிலீஸா? என்னமோ உயிரு, உயிருன்னியே அந்த வசனம், அதைக் கிண்டலுக்குப் பேசினேன்யா! உன் படத்தைப் பார்த்து வந்த அருவருப்புல அந்தக் கிறுக்கி மாதிரி பழிச்சுக் காட்டினேன். பழிப்புக்கும் பாசத்துக்கும் வித்தியாசம் தெரியாத முண்டம், நீயெல்லாம் படம் எடுக்க வந்துட்டே!"

அவர் தன் மேல் ஒட்டிய பூவிதழைத் தட்டிவிட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே போய்க் கேமராக்காரனிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "ரெக்கார்ட் ஆச்சா?"

கதவை அறைந்து சாத்திவிட்டுத் திரும்பினேன். மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கிறுக்கி எப்படிப் பேசுவான்னு காட்டினியா?"

"இல்லடி, அது அந்தப் படத்துல வர்ற..."

"அவளுக்கும் எனக்கும் ஒரே நோய்தானேம்மா?" கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். "அதே குரல்லதான் என்னையும் ராஜாத்தின்னு கூப்பிடுவே. மாத்திரை போடச் சொல்லுவே. அதான் நீ சொன்னா நம்பினேன். போடுன்னா போட்டேன். டிரெய்லர்ல வேண்டாம்னே, வீசினேன். அப்போ எல்லாமே பழிப்புதானா?"

"ஐயோ, என் ராஜாத்தி..." அந்தப் பாழாய்ப்போன தேன் தானாக வழிந்தது. நான் வரவைக்கவில்லை, அதுவாக வந்தது.

"சீ! அதுலயே பேசுறே பாரு!" இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு என் தொண்டையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அந்த இயக்குநர் மேல் வந்த அருவருப்பெல்லாம் அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. மேஜையிலிருந்து மாத்திரையைப் பிரித்தேன், டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். அவள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். கட்டைக் குரல், கரகரவென்று, நடுவில் உடைந்தது. யாரும் பேசக் கூப்பிடாத குரல்.

"பயமா இருக்குடி எனக்கு! உன்னைப் பார்த்தாலே பயமா இருக்கு. அந்த பஸ் ஸ்டாண்டு நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகல. கோவமா வருது, வெறுப்பா வருது, எங்கேயாவது போய்த் தொலையலாமான்னு வருது. ஆனா உன்னை வார்டுல விட்டுட்டு இந்த வீட்டுக்குத் தனியா வர என்னால முடியாது. முடியாதுடி! போட்டுத் தொலை!"

பக்கத்து வீட்டு ஜன்னலை யாரோ திறக்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேசுவது யார் என்று பார்ப்பதுபோல. டம்ளரை வாங்கி வழக்கம்போல் முகர்ந்து பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"நாளைக்கும் இப்படியே கத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.