குன்வோரின் பிடி

1

இந்தக் கதை ஒரு நாளிதழின் பதினோராம் பக்கத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது படித்தேன். கைப்பிடி வலுக் குறைந்த பெரியவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறதாம். சோர்ந்தது முதலில் கையா, மனமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். உடனே என் தோழி குன்வோரை நினைத்தேன். பல்வலி மறந்துபோயிற்று. (பொய். வலித்துக்கொண்டுதான் இருந்தது.)

2

முதல் தொடக்கம்: '1988இல் ஸ்மோலாந்து மாகாணம் முழுக்கத் தேடினாலும் குன்வோரை அசைக்க ஆள் இல்லை.'

விளையாட்டுச் செய்தி மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். ஆனால் உண்மை அதுதான். கோடை விழாக்களில் கயிறு இழுக்கும் எட்டுப் பெண்கள் நாங்கள். முன்னால் நின்று கத்துபவள் தலைவி மாய்கென். கடைசியில், கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்பவள் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த குன்வோர். ஜெயித்தால் லாரியின் பின்பக்கம் ஏறி, தோலுரிந்த உள்ளங்கையில் சூடான சாசேஜைப் பிடித்துக்கொண்டு, ராகமில்லாமல் பாடியபடி வீடு திரும்புவோம். ஈரப்புல் வாசனை வந்தால் இன்றும் என் தோள்கள் தாமாக இறுகுகின்றன.

3

மனச்சோர்வுக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று முதல் பிரதியில் அவள் கணவனைச் சாகடித்தேன். குன்வோர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

நிஜத்தில் யாரும் சாகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ஓர் அக்டோபரில், அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்தினாள். பிப்ரவரியில் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். கைப்பிடி வலுவை அளக்கும் கருவியையும் அழுத்தச் சொன்னார்கள். அன்று அவளே மாய்கெனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பதினேழு கிலோடி. என் பூனை இதவிட அழுத்திப் பிடிக்கும்."

"உங்கிட்ட பூனையே கிடையாதேடி."

"அதத்தான் சொல்றேன்."

மறுநாள் மாய்கென் பழைய கயிற்றோடு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குன்வோர் வீட்டு முற்றத்து பிர்ச் மரத்தில் கட்டினாள்.

"இழு."

"மரம் வராதுடி."

"வரவைக்கச் சொன்னேனா? இழுக்கத்தான் சொன்னேன்."

நான்கு மூச்சுக்கு இழுத்தாள். பிறகு பனியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மதியம் ஒரு மணிக்குப் போனோம். மே மாதம் இருபத்தெட்டு கிலோ. அரை நாள் வேலைக்கும் திரும்பினாள்.

4

மூன்று முடிவுகள் எழுதினேன்: கை தேறியதும் மனம் தேறியது; மனம் தேறியதால் கை தேறியது; இரண்டுமில்லை, செவ்வாய்க்கிழமைகள்தான்

மூன்றாவதை முடிக்கவில்லை. எல்லாவற்றையும் குன்வோரிடமே கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, பென்சிலோடு படித்தாள்.

"தேறிட்டேன்னு எவ சொன்னா? சில வாரம் படுக்கைய விட்டு எந்திரிக்கவே ஒரு மணி நேரம் ஆகுது. ஆனா எந்திரிக்கிறேன்."

"அப்ப கயிறு உதவுச்சா, இல்லையா?"

"உதவுச்சு. மாத்திரையும் உதவுச்சு. எது எவ்வளவுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, அக்டோபரையும் பிப்ரவரியையும் வட்டமிட்டாள்.

"நடுவுல நாலு மாசம் இருக்கே, பெரித். மாய்கென் நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கா. நீ மூணு வீடு தள்ளி."

நான் காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"திட்டலடி. உன் கதையில ஓட்டை இருக்கு. அத எழுது."

5

ஆக, இது அவள் கதை இல்லை.

எதிரில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நான் போகாததற்குப் பனி அதிகம் என்று எழுதி அடித்தேன். தனிமையை விரும்புகிறாள் என்று நினைத்தேன், அதையும் அடித்தேன். எங்கள் எல்லோரையும் தாங்கியவள் தளர்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயம். இதை அடிக்கவில்லை. ஆனால் இதுவும் முழுசாக இல்லை.

"நிறுத்தாத. எழுது" என்கிறாள்.

வாசகரே, உங்களுக்கும் மூன்று வீடு தள்ளி யாராவது இருந்திருந்தால், மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குன்வோர், அந்த நாலு மாதம் நான் வராததற்குக் காரணம்