மஞ்சள் இறங்கிய நாள்

குழந்தையின் நெஞ்சு துடிப்பது கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. பாஞ்சாலி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் நிறையாமல் பிறந்து மஞ்சள் பாரித்துப் போன பிள்ளையைப் பென்னலூரிலிருந்து நெல் லாரியில் மெட்ராஸுக்குத் தூக்கி வந்தபோது, அதன் உடம்பில் அசைவே இல்லை. இப்போது மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ், கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்தவனின் தொண்டைக்குழியும் வயிறும் சேர்ந்து குதித்தன. பால் புகட்டுவதற்காக நர்ஸ் விளக்கை அணைத்தபோது பாஞ்சாலி பார்த்தாள். தோல் செக்கச்செவேலென்று இருந்தது.

“ரத்தம் ஊறிக்கீது, பாத்தியா? மஞ்ச எறங்கிப்போச்சு,” என்றான் அவள் புருஷன் கன்னியப்பன். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவன், அன்றுதான் சிரித்தான்.

டாக்டரம்மா வந்து காதில் மாட்டிய குழாயைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை.

“நல்லாத்தானம்மா துடிக்குது?” என்றாள் பாஞ்சாலி.

“அந்தத் துடிப்புதாம்மா கவலையா இருக்கு. இருதயத்துக்கிட்ட ஒரு ரத்தக்குழாய், பிறந்ததும் மூடிக்கணும். இவனுக்கு மூடின மாதிரி இருந்துச்சு, இப்ப திறந்திருக்கு. இந்த வெளிச்சத்துல ரத்தக்குழாய் விரியும்னு சொல்றாங்க. ரத்தம் தப்பு வழியில நுரையீரலுக்குப் போகுது.”

“அப்ப லைட்ட நிறுத்திடுங்கம்மா.”

“நிறுத்தினா மஞ்சள் மூளைக்கு ஏறிடும்.”

நெஞ்சை மட்டும் வெள்ளித்தாளால் மறைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். வார்டில் அது இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே என்று கன்னியப்பன் வெளியே ஓடினான்.

அவன் போன சற்றைக்கெல்லாம் பிள்ளை மூச்சுக்குத் தவித்தது. டாக்டரம்மா காற்றுப்பையை வைத்து அழுத்தினார், ஊசி போட்டார். வாயோரம் சிவப்பாக நுரை வந்தது. கடைசியில் அவரே கையை நீட்டி விளக்கை அணைத்தார். நர்ஸ் கண் துணியை அவிழ்த்து, வாயைத் துடைத்து, பிள்ளையைப் பழம்புடவையில் சுற்றிப் பாஞ்சாலியின் மடியில் வைத்தாள்.

“மடியிலயே இருக்கட்டும்மா.”

பாஞ்சாலி புடவையின் விளிம்பை இழுத்துவிட்டாள். இப்படி இரண்டு பிள்ளைகளைக் கடைசியாக மடியில் வைத்துப் பார்த்தவள். பிள்ளையின் உடம்பில் விளக்கின் சூடு இன்னும் இருந்தது. புடவைக்குள்ளே நெஞ்சு எப்போதாவது ஒருதரம் தட்டியது.

கன்னியப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ஒரு கையில் நீவி நீவி நேராக்கிய வெள்ளித்தாள், மறு கையில் எறிய மனம் வராத சிகரெட்டுகள். வாசலிலேயே நின்றுவிட்டான். பிள்ளையை அவள் மடியில் அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“கையில குட்த்துட்டாங்களா!” முகமெல்லாம் பல்லாக வந்து குனிந்தான். “டேய்... கண்ணத் தொறந்துக்கினு கீறானே!”

பாஞ்சாலி சற்று நகர்ந்து, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டாள்.