நான்கு கிண்ணங்களுக்கு மேலே

ஓய்வு பெற்றவன் தேனீ வளர்க்கக் கூடாது என்று எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் உண்டு.

"கொடியில துணி எடுக்கப் போனா காதுகிட்ட வந்து பாடுது. என் தங்கச்சிக்கு எறும்பு கடிச்சாலே உடம்பு ஊதும். அவ வர்றதுக்குள்ள பெட்டி வீட்டை விட்டுப் போகணும்," என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி இதுக்கு மேல ஊதினா வாசல் இடிக்கணும்."

அதற்கப்புறம் எனக்கு வந்த காபி, ஐஸ் பெட்டியில் பிறந்து வளர்ந்தது.

அந்தத் தேனீப் பெட்டி எனக்கு உயிர். காலையில் மூடியில் காதை வைத்தால் உள்ளே ஒரு நகரமே வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்கும். என் செருப்புச் சத்தம் கேட்டால் அவை எழுந்து நிற்கின்றன என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவைதான் கொட்டியது. கன்னம் பூசணிக்காயாகி, கண்ணாடியில் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நானே எழுந்து நின்றேன்.

இவ்வளவு நெருக்கமானதை விடுவேனா? கொடியை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டால் மனைவியும் குளிர்வாள், தேனீயும் பிழைக்கும். தேனீ வளர்ப்புப் பயிற்சி வகுப்பில் டீச்சரம்மா பெட்டியை நகர்த்துவது பற்றி ஏதோ நீளமாகச் சொன்னார். நான் அப்போது பின்வரிசையில் பிஸ்கட்டோடு இருந்தேன்.

அந்தி சாய்ந்து எல்லாம் கூடடைந்ததும் பெட்டியைக் காலோடு தூக்கிக்கொண்டு போனேன். எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது வழக்கம். பழைய கிண்ணங்கள் பாசி பிடித்திருந்தன. அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை மனைவி பின்கதவிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, வாங்க. சத்தம் போடாம வாங்க."

அவள் சத்தம் வேண்டாம் என்றதே முதல் அதிசயம்.

பழைய இடத்தில் தேனீக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கிண்ணங்களுக்கு மேலே, பெட்டி வாசல் இருந்த அதே உயரத்தில், வெறும் காற்றில் கால் ஊன்றி, இறக்கையை மடக்கி, இரண்டடி நடந்து உள்ளே போயின. போனவை மறைந்தன. அந்தப் பக்கத்துச் சுவர் பளிச்சென்று தெரிந்தது.

டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அன்னிக்கே சொன்னேனே சார். அதுங்களுக்கு இடம்தான் மனப்பாடம், பெட்டி இல்ல. பழைய இடத்துல கொஞ்சம் சுத்தும். பெட்டியைத் திரும்ப அங்கயே வெச்சிடுங்க."

"சுத்தலைம்மா. உட்காருது."

"எது மேல?"

போனைக் கையில் பிடித்தபடி மனைவியைப் பார்த்தேன். அவளிடம் பதில் இருந்தது.

"ரிட்டயரான மறுநாள் டிபன் பாக்ஸோட பஸ் ஸ்டாப்ல போய் நின்னீங்களே. வளர்த்தவர் புத்தி."

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன். காகிதம்போல் எழும்பியது. திறந்தால் ஒரு தேனீ இல்லை, ஒரு தேனடை இல்லை. அடை கட்டும் சட்டங்கள் கடையில் வாங்கிய நாள்போல் வெறும் மரம். எப்படியாவது உள்ளே வந்துவிடுங்கள் என்று வேண்டியபடி அதைக் கிண்ணங்களுக்கு மேலே நகர்த்தினேன்.

டொக்.

மரம் மரத்தில் இடித்தது. அதற்குமேல் பெட்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

மனைவி என்னைத் தள்ளிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். "வெதுவெதுன்னு இருக்குங்க." இரண்டு கையாலும் கண்ணுக்குத் தெரியாத மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையை உள்ளே விட்டாள். முழங்கைக்குக் கீழே அவள் கையைக் காணோம். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் தேன். நக்கினாள். நான் முப்பது வருஷமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"உங்க பெட்டியை வித்தவன்கிட்டயே குடுத்துடுங்க. இது இருக்கட்டும்."

"உன் தங்கச்சி?"

"வர வேணாம்னு சொல்லிடறேன்."

நான் வளர்த்தவை பிழைத்துவிட்டன. சந்தோஷத்தில் நானும் கையை நீட்டினேன். சுரீரென்று கொட்டியது. தேனீ எதுவும் கண்ணில் படவில்லை.

"கேக்காம கை வெச்சா?" என்றாள். குனிந்தாள். அவள் தலை கழுத்துவரை மறைந்தது. மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது.

"இவர் எங்க வீட்டுக்காரர்தான். ஒண்ணும் பண்ணிடாதீங்க."

உள்ளே ரீங்காரம் சட்டென்று நின்றது. யோசிக்கிறார்கள் போலும். நான் கைகூப்பி நின்றேன். விரல் வீங்கிவிட்டதால் சரியாகக் கூப்ப வரவில்லை.