கதவோர ஆணி

என் மகள் சுண்டெலிக்கு எட்டு வயது. பொய் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய பள்ளியில் பென்சில் கீழே விழுந்தாலே யாரது என்று ஓர் அதட்டல், அப்புறம் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். பிள்ளை என்ன செய்யும்? மை கொட்டினால் காற்று, கண்ணாடி உடைந்தால் பூனை. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. வளர்ந்தும் இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே கவலை.

இந்த வருஷம் பள்ளியை மாற்றினேன். புது வகுப்பில் கதவோரம் ஓர் ஆணி, அதில் ஒரு பழைய துணி. தண்ணீர் கொட்டினால் டீச்சர் யாரென்று கேட்பதில்லையாம். துணி என்று மட்டும் சொல்வாராம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை எடுத்து வந்து துடைக்க ஆரம்பிக்கும். கொட்டிய பிள்ளை தானே வந்து, நான்தான் என்று சொல்லி மீதியைத் துடைக்குமாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிச் செல்லம் கொடுத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று டீச்சரிடமே சொன்னேன். அந்த அம்மா சிரித்ததோடு சரி.

நான் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை அக்காவோடு போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டே, ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை வைத்தபடி மறந்துவிட்டேன். எடுத்தபோது பழுப்பாக ஒரு கறை. சட்டைக்காரத் தம்பி அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று மதியம் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். சொல்லி வைத்தாற்போல் அப்போதே வந்து நின்றார்.

"என்னக்கா இது?"

"வரும்போதே இருந்துச்சு தம்பி," என்றேன். கண்கூட இமைக்கவில்லை.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சுண்டெலி நிமிர்ந்து பார்த்தாள். நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரியும். போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து போனாள். வாளித் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்து, காலரை மெல்ல ஒற்ற ஆரம்பித்தாள்.

கண்ணாடியை உடைத்ததாக அவள் சொன்ன அந்தப் பூனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நான்தான் தம்பி. போன்ல பேசிக்கிட்டே கருக்கிட்டேன்," என்று சொல்லி அவள் கையிலிருந்து துணியை வாங்கினேன். மீதியை நானே ஒற்றினேன். கறை முழுதாகப் போகவில்லை, கொஞ்சம் மங்கியது. தம்பி முகத்தைச் சுளித்தார். பிறகு, டை கட்டினால் மறைந்துவிடும் என்று தானே சமாதானமாகி வாங்கிக்கொண்டு போனார்.

மனசு லேசாகிவிட்டது. அம்மா உண்மையைச் சொன்னேன், பார்த்தாயா என்று மகளிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன்.

"அதுக்கெல்லாம் யாரும் கைதட்ட மாட்டாங்கம்மா. துணிய அலசி மாட்டு," என்று சொல்லிவிட்டு அவள் கணக்கை எழுதப் போய்விட்டாள்.

மாட்டுவதற்குக் கடையில் ஆணி இல்லை. அன்றைக்கே ஒன்று அடித்தேன்.